மலைக்குச் சிக்னல் மட்டும் போதாது

கொடைக்கானல் பண்பலையின் 100.5 மதுரையில் ஆட்டோவுக்குள் பாடுகிறது; தேனியில் தேநீர்க் கடையில் பாடுகிறது; திண்டுக்கல் தாண்டியும் கேட்கிறது. மலைமேல் நிற்கும் ஒரு கம்பம் தென்மாவட்டங்கள் பலவற்றுக்குப் பாட்டும் செய்தியும் கொண்டுசேர்க்கிறது. அதே மலையில், பெருமாள்மலை பிரிவிலிருந்து நாலு வளைவு தள்ளியிருக்கும் வீடுகளில், ஒரு ஜிபி அளவுள்ள பாடக் காணொளியைப் பதிவிறக்கப் போட்டுவிட்டு மாணவர்கள் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். கைபேசியில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருக்கின்றன. கோப்பு மட்டும் நகரவில்லை. “புல் டவர் காட்டுது, நெட்டு ஓட மாட்டேங்குது” என்று மலைக்காரர்கள் சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். இந்தப் புகாரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால்தான் எது நம் கையில் இருக்கிறது, எது நிறுவனத்தின் பொறுப்பு, எது அரசின் கடமை என்பது தெரியும்.

பண்பலையின் அலை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். மேட்டையும் மரத்தையும் கொஞ்சம் வளைந்து கடந்துவிடும். அனுப்பும் சக்தி கிலோவாட் கணக்கில். ஒரே நிகழ்ச்சி எல்லாருக்கும் போகிறது; பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் கம்பத்துக்குச் சுமை ஒன்றுதான். கைபேசி இணையத்தில் எல்லாமே தலைகீழ். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. 2300 மெகாஹெர்ட்ஸ் இன்னும் குட்டை. மலைமுகடு குறுக்கே வந்தால் அதன் பின்பக்கம் இருட்டாகிவிடும். கோபுரம் பேசினால் மட்டும் போதாது, கைபேசி பதில் பேச வேண்டும்; அதன் உச்ச சக்தி 0.2 வாட்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு கோப்பு தனித்தனியாகப் போக வேண்டும். ஒருவர் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்குக் குறையும். வானொலி என்பது ஒலிபரப்பு; கைபேசி இணையம் என்பது பங்கீடு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

பெருமாள்மலை சாதாரண மலைக்கிராமம் அல்ல. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் காட் ரோடும் பழனியிலிருந்து வரும் சாலையும் சேருமிடம் அது. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக வரும் சாலையும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. தலைக்குமேல் 2,400 மீட்டரைத் தாண்டும் பெருமாள் மலைச் சிகரம். காலுக்குக் கீழே சமவெளி. கொடைக்கானலுக்குப் போகிற ஏறத்தாழ எல்லா வண்டிகளும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும். வண்டியோடு கைபேசிகளும் போகின்றன.

முதலில் வீட்டுக்குள் இருக்கும் காரணங்களை முடித்துவிடுவோம். மலையில் வரும் “நெட் ஸ்லோ” புகார்களில் ஒரு பெரும் பங்குக்குக் காரணம் டவரே அல்ல. அன்றாட டேட்டா தீர்ந்துபோனதுதான். நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிறோம். அது தீர்ந்ததும் இணைப்பு அறுவதில்லை. பல திட்டங்களில் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைகிறது. அந்த வேகத்தில் ஒரு ஜிபி கோப்பு இறங்க ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப் செய்தி வருகிறது, ஆகவே நெட் இருக்கிறது என்று நினைத்து, டவரைத் திட்டிக்கொண்டே மறுநாள்வரை உட்கார்ந்திருப்போம். பதிவிறக்கம் தொடங்குமுன் மீதி டேட்டா எவ்வளவு என்று நிறுவனத்தின் செயலியில் பார்ப்பது மிக எளிய, மிக அதிகமாக மறக்கப்படுகிற சோதனை.

இரண்டாவது, கணக்கு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக விநாடிக்கு 10 மெகாபிட் என்றால் உண்மையில் இறங்குவது விநாடிக்கு 1.25 மெகாபைட். ஒரு ஜிபிக்குப் பதின்மூன்று நிமிடம். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். இந்த 2 மெகாபிட் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று அழைக்கப்பட வேண்டிய குறைந்தபட்ச வேகமாக 2013 முதல் 512 கிலோபிட் இருந்தது. 2023-இல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். நம் கையில் இருப்பது பிராட்பேண்டா இல்லையா என்று கேட்க அரசே கொடுத்திருக்கும் அளவுகோல் அது.

இப்போது நான்கு கோட்டின் கதைக்கு வருவோம். கோடுகள் சொல்வது, கோபுரத்தின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். தெளிவாகக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. மலைவிளிம்பில் இந்த வேறுபாடு பெரிது. காட் ரோட்டின் டம்டம் பாறை வளைவில் நின்றால் வைகை அணைவரை கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற சமவெளியிலுள்ள கோபுரங்கள் கைபேசிக்கும் தெரிகின்றன. பெருமாள்மலையின் விளிம்பிலுள்ள வீடுகளின் முற்றத்திலும் இதே நிலைதான்: மேலே ஒரு டவர், பக்கத்தில் ஒன்று, கீழே சமவெளியில் பல. எல்லாம் ஏறத்தாழ ஒரே பலத்தில் வந்து சேர்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. பலம் நிறைய, தெளிவு குறைவு. கைபேசி ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறது, வேகம் விழுகிறது. அதோடு ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறித் தாவவும் செய்கிறது.

இதற்கு வீட்டிலேயே ஓரளவு மருந்து உண்டு. சமவெளி பார்க்கும் பக்கத்தைவிட, பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டிய பக்கத்தில், ஊர் டவருக்கு நேராக இருக்கும் சன்னலோரம் பல நேரங்களில் நல்ல வேகம் தரும், கோடு ஒன்று குறைந்து காட்டினாலும். வீட்டுச் சுவர் சமவெளிக் கோபுரங்களை மறைத்துவிடுவதுதான் காரணம். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘ஃபோனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று போய்ப் பார்த்தால் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 85 நல்லது. மைனஸ் 110 மோசம். 120-ஐ நெருங்கினால் அறுபடும் எல்லை. மைனஸ் 85 இருந்தும் வேகம் வரவில்லை என்றால் சிக்கல் நெரிசலிலோ அலை மோதலிலோ இருக்கிறது. இடம் மாறிப் பார்க்கலாம், நேரம் மாற்றிப் பார்க்கலாம். மைனஸ் 115 என்றால் எந்த நேரத்திலும் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சிம்தான் வழி. பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்துகிறது. அந்த அலை நீளமானது. மரமும் மேடும் நிறைந்த நிலத்துக்கு ஏற்றது. ஆனால் அந்த அலைவரிசையை ஏற்கும் கைபேசியா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

“மஞ்சு இறங்குனா நெட்டு போயிரும்” என்பது மலையில் எல்லாரும் சொல்வது. மஞ்சு குற்றவாளி அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வேன். கைபேசி பயன்படுத்தும் அலைகளை மூடுபனி பொருட்படுத்தத்தக்க அளவில் தடுப்பதில்லை. ஆனால் மக்கள் பார்த்ததும் பொய் அல்ல. மஞ்சோடு மழை வருகிறது, காற்று வருகிறது, மரம் சாய்கிறது, மின்சாரம் போகிறது. டவர் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்து டீசலும் இல்லையென்றால் அணைகிறது. அப்போது கைபேசி தொலைவில் உள்ள வேறு டவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டில் தொங்குகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்த மலையையும் தாக்கியபோது மரங்கள் சாய்ந்து சாலையும் மின்சாரமும் போனதை ஊர் மறக்கவில்லை. இன்னொரு காரணம் யார் கண்ணிலும் படாதது. மலையில் பல கோபுரங்களுக்குத் தரைவழிக் கண்ணாடியிழை கிடையாது. கோபுரத்தில் மத்தளம் போல் வட்டமாக ஒன்று கட்டியிருப்பார்களே, அந்த மைக்ரோவேவ் தட்டுதான் அந்த டவரை உலகத்தோடு இணைக்கிறது. அது பயன்படுத்தும் மிகக் குட்டையான அலையைப் பெருமழை நன்றாகவே தடுக்கும். அப்போது டவருக்கும் உங்களுக்கும் இடையே எல்லாம் சரியாக இருக்கும். டவருக்குப் பின்னால் வழி சுருங்கிப் போயிருக்கும். நான்கு கோடு காட்டும், கோப்பு நகராது.

சீசன் வந்தால் இத்தனையும் சேர்ந்து கூடிவிடுகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைவரிசை, டவரின் ஒரு முகத்தில், ஏட்டுக் கணக்கில் தரக்கூடிய உச்சம் விநாடிக்கு ஏறத்தாழ 75 மெகாபிட். நடைமுறையில் இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். உச்சமே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரே நேரத்தில் நூறு பேர் காணொளியும் கோப்பும் இழுத்தால் ஆளுக்கு முக்கால் மெகாபிட். பிராட்பேண்ட் என்று சொல்லத் தகுதியில்லாத வேகம். இப்போது ஒரு மே மாதச் சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. வண்டிக்கு நான்கு பேர் என்றால் ஒரே நாளில் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகையே 36,501 தான். சாலையில் எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் போட்டோம். குடிநீர், குப்பை, காடு எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். இங்குள்ள கோபுரங்கள் எத்தனை பேரைத் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சியில் நின்று படம் அனுப்பும் சுற்றுலாப் பயணியைக் குறை சொல்ல முடியாது. அவரும் காசு கொடுத்தவர். அந்த நெரிசலில் நசுங்குகிறவர் ஆண்டு முழுவதும் ரீசார்ஜ் செய்யும் உள்ளூர்க்காரர் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோப்புப் பகிர்வுக்கு, குறிப்பாக டோரன்ட்டுக்கு, தனிப்பட்ட தொல்லைகள் உண்டு. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டுப் போகிறேன். டோரன்ட் என்றதும் திருட்டுப் படம்தான் நினைவுக்கு வருகிறது. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குவது பலருடைய உழைப்பைச் சுரண்டுவது. அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய அந்த முறை ஒரு கருவி மட்டுமே. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் டோரன்ட் வழியாகவும் தருகிறது. லினக்ஸ் மென்பொருள்கள் அப்படி வருகின்றன. இணையம் இல்லாமல் விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ், அதன் பெரிய தொகுப்புகளை அப்படியும் கொடுக்கிறது. 2012-இல் ‘3’ திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையாணையைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடின. குற்றமில்லாத வீமியோவும் அதில் அடைபட்டது. அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று விளக்கம் அளித்தது. கருவியையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்ன நல்ல விளக்கம் அது.

டோரன்ட்டில் கோப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வருகிறது. இந்தப் பலர் உங்களோடு இணைய முடிய வேண்டும். கைபேசி இணையத்தில் அங்கேதான் முட்டுக்கட்டை. பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை அடுக்கி வைத்திருக்கின்றன. உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து உங்களை அழைக்க முடியாது. அரிய தமிழ் நூலின் மின்படியை வைத்திருப்பவர் சென்னையில் ஒரே ஒருவர், அவரும் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கதவடைத்த வீட்டுக்குள் இருந்தபடி ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். இரண்டு பக்கமும் சிக்னல் அருமை, வேகம் பூஜ்ஜியம். ரூட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லும் பழைய அறிவுரை இங்கே பயன்படாது. கதவு உங்கள் வீட்டில் இல்லை, நிறுவனத்தில் இருக்கிறது. புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் இந்தச் சிக்கல் குறைய வாய்ப்புண்டு. இந்தியாவின் பெரிய கைபேசி நிறுவனங்கள் அதைத் தருகின்றன. டோரன்ட் செயலியில் அது முடக்கப்பட்டிருந்தால் இயக்கிவிட வேண்டும். சிம்மின் ஏபிஎன் அமைப்பில் ஐபிவி4 மட்டும் தேர்ந்திருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது பதிவேற்றம். நீங்கள் இறக்கும்போதே மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள். அது நல்ல பழக்கம், அந்த முறையே அதில்தான் நிற்கிறது. ஆனால் கைபேசியின் மேல்நோக்கிய வழி குறுகியது. அதை முழுக்க அடைத்துவிட்டால், “இந்தத் துண்டு கிடைத்தது, அடுத்ததை அனுப்பு” என்று நீங்கள் சொல்லும் பதில்கூட வரிசையில் காத்திருக்கும். இறக்கமும் தானாகக் குறைந்துவிடும். பதிவேற்றத்தை உங்கள் மேல்நோக்கிய வேகத்தில் முக்கால் பங்குக்குக் கீழே கட்டுப்படுத்துங்கள். அனுப்புவதும் அன்றாட டேட்டாவில்தான் கழிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு ஜிபி இறக்கி, அரை ஜிபி அனுப்பினால் ஒன்றரை ஜிபி திட்டம் முடிந்தது. ஒரே நேரத்தில் பத்துக் கோப்பு போடாமல் ஒன்றிரண்டாகப் போடுவதும், இணைப்புகளின் எண்ணிக்கையை நூறுக்குள் வைப்பதும் மலைக்கு உகந்தது. இன்னொரு நுணுக்கம்: டோரன்ட் செயலிகள் பயன்படுத்தும் யூடிபி (µTP) என்ற முறை, வழியில் தாமதம் தெரிந்தால் பிறருக்கு இடம் விட்டு ஒதுங்கும்படி உருவாக்கப்பட்டது. நல்ல குணம்தான். கைபேசி அலையில் தாமதம் இயல்பாகவே ஏறி இறங்குவதால், நெரிசல் இல்லாதபோதும் அது ஒதுங்கிக்கொண்டே இருக்கும். அதை அணைத்துப் பார்த்தால் சிலருக்கு வேகம் கூடும். கணினியில் இறக்குகிறவர்கள் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யூஎஸ்பி வயரில் இணைத்துப் பார்க்கட்டும். கைபேசியிலேயே இறக்குகிறவர்கள் பேட்டரி சேமிப்பு, திரை அணைந்ததும் செயலியைத் தூங்கவைக்கிறதா என்று பார்க்கட்டும்.

நிறுவனமே டோரன்ட்டை மட்டும் மெதுவாக்குகிறதா என்ற ஐயம் எழும். உலகில் அப்படி நடந்ததுண்டு. 2007-இல் அமெரிக்காவில் ராப் டொபோல்ஸ்கி என்பவர், தான் விரும்பிய பழங்காலக் குழுப்பாட்டுகளை டோரன்ட்டில் பகிர முயன்றபோது அனுப்பவே முடியாமல் திணறினார். தோண்டிப் பார்த்ததில், காம்காஸ்ட் நிறுவனம் பொய்யான துண்டிப்புச் செய்திகளை நடுவில் செருகி இணைப்புகளை அறுத்துவந்தது தெரிந்தது. 2008-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அது தவறென்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2016-இல் பாகுபாடான கட்டணங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை விதித்தது. 2018-இல் இணையச் சமநிலையைத் தொலைத்தொடர்புத் துறை ஏற்றது. பயன்பாட்டைப் பார்த்து வேகம் குறைப்பது விதிக்குப் புறம்பு. ஐயம் இருந்தால் சோதனை எளிது: ஒரே லினக்ஸ் கோப்பை அதன் தளத்திலிருந்து நேரடியாக ஒரு முறை, டோரன்ட்டில் ஒரு முறை, அடுத்தடுத்து இறக்கிப் பாருங்கள். இரண்டும் மெதுவென்றால் டவர் பக்கம் தேடுங்கள். நேரடியாக வேகமாகவும் டோரன்ட்டில் மெதுவாகவும் இருந்தால், யாரையும் குற்றம் சாட்டுமுன் மேலே சொன்ன முகவரிக் கதவையும் பதிவேற்றத்தையும் சரிபாருங்கள். வேகம் அளக்கும் செயலி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; அது பக்கத்து வழங்கியோடு பல இணைப்பு போட்டு அளப்பதால் உங்கள் கோப்பின் அனுபவத்தைக் காட்டாது.

இவ்வளவும் ஒரு வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. எல்லாம் செய்த பின்னும் கோப்பு வரவில்லையென்றால்? பெருமாள்மலையில் பலருக்கு அதுதான் நிலை. இனிமேல் பேச வேண்டியது அவர்களிடம் அல்ல.

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. நோக்கம் நல்லது, பணமும் செலவானது. மலைமுகட்டுக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு அந்த 2 ஜிபியில் எவ்வளவு இறங்கியிருக்கும்? டேட்டா என்பது உரிமைச்சீட்டு, வேகம்தான் சரக்கு. அதேபோல் 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாயில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சிக்னலே இல்லாத ஊருக்குச் சிக்னல் கொடுப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் “இந்தக் கிராமத்தில் 4ஜி உண்டு” என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டதும் கோப்பு மூடப்படுகிறது. பெருமாள்மலைக்கு அந்த டிக் எப்போதோ விழுந்துவிட்டது. ஆகவே எந்தத் திட்டத்தின் கண்ணிலும் இந்த ஊர் படாது.

டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகள் ஒரு கதவைத் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் எங்கே என்ன தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதைத் திறந்து பெருமாள்மலையையும் பேத்துப்பாறையையும் வில்பட்டியையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று கைபேசியையும் பாருங்கள். வண்ணம் பூசியிருப்பதெல்லாம் சேவை இருப்பதைக் காட்டும். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அங்கே விநாடிக்கு எவ்வளவு வருகிறது என்பதை அது காட்டாது. தர அளவீடோ மாநிலம் முழுவதற்குமான சராசரி. கோவையும் சென்னையும் சேர்ந்த சராசரியில் ஒரு மலையூரின் மோசமான மாலை காணாமல் போய்விடுகிறது. மலைப்பகுதிகளுக்குத் தனி அளவீடு வேண்டும். சீசன் மாதங்களுக்குத் தனியாக, டவர்வாரியாக, நெரிசல் நேரத்தில் எடுத்த எண்கள் வெளிவர வேண்டும். நீதிமன்றத்தின் இ-பாஸ் கணக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை வண்டி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த எண்ணை வைத்து நடமாடும் கோபுரங்களைச் சீசனில் நிறுத்த நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதில் என்ன தடை?

அதைவிட முக்கியமானது டவருக்குப் பின்னாலுள்ள வழி. 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோக 1,815 கோடி ரூபாயில் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் பாரத்நெட் பணியைச் செய்துவருகிறது. மலைக்கு ஒற்றை இழை போதாது. ஒரு நிலச்சரிவு, ஒரு சாலை அகலப்படுத்தும் இயந்திரத்தின் கொத்து, அவ்வளவுதான். பெருமாள்மலைக்குத்தான் மூன்று வழி இருக்கிறதே! வத்தலக்குண்டு சாலையில் ஒன்று, பழனிச் சாலையில் ஒன்று, அடுக்கம் வழியில் ஒன்று. இந்த ஊரில் மூன்றையும் முடிச்சுப் போட்டால், ஒன்று அறுந்தால் மற்றொன்றில் ஓடும் வளையம் கிடைக்கும். சுற்றியிருக்கும் காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமானது. இழையைச் சாலையோரமாகவே, சாலைப் பணி நடக்கும்போதே, காட்டைக் கீறாமல் பதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நூறாண்டுக்கு முன்பு இந்த மலையில் காட் ரோடு போட்டவர்களுக்கு இருந்த துணிச்சலில் ஒரு பங்கு போதும். அண்டை மாநிலமான கேரளம் 2023 ஜூன் 5-இல் தன் சொந்த இழை வலையமைப்பைத் தொடங்கியது. அங்கும் மலைகள் உண்டு.

அரசு வரும்வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு ஊர்க் கடைவீதியிலும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை இருந்தது. நெட் இல்லாத காலத்தில் அதுவே கோப்புப் பகிர்வு. கியூபாவில் இணையம் எட்டாக்கனியாக இருந்தபோது, ஒரு டெராபைட் அளவில் வாராந்தரத் தொகுப்பு வன்தட்டு வழியாக வீடுவீடாகப் போனது. ஒரே பாடக் காணொளியை முப்பது மாணவர்கள் ஒரே டவரிலிருந்து முப்பது முறை இழுப்பது வீண். பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு கணினி அதிகாலை மூன்று மணிக்கு, டவர் ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரே ஒரு முறை இறக்கி வைக்கட்டும். காலையில் உள்ளூர் வைஃபையில் முப்பது பேரும் டேட்டா செலவில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸில் முழுதாக அங்கே வைக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை வைக்கலாம். இதற்குத் தேவை பழைய கணினி ஒன்று, ரூட்டர் ஒன்று, பொறுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவர். அப்படிச் செய்தால், பூண்டு விவசாயி வடுகபட்டிச் சந்தை வியாபாரிக்குச் சரக்கின் காணொளி அனுப்பவும், விடுதி நடத்துகிறவர் இ-பாஸ் கேட்கும் விருந்தினருக்கு உதவவும் டவர் கொஞ்சம் காலியாகும்.

கூடவே, அளந்து பதிவு செய்ய வேண்டும். ஒரே இடத்தில் நின்று, காலை, மாலை, நள்ளிரவு என்று சிக்னல் எண்ணையும் வேகத்தையும் குறித்த படங்கள். மீதி டேட்டா இருந்ததற்கான சான்று. மழை, மின்வெட்டு விவரம். பத்து வீட்டுக்காரர்கள் ஒரு சீசன் முழுக்க இப்படிக் குறித்தால், “நெட்டு ஸ்லோ” என்ற புலம்பல் மறுக்க முடியாத ஆவணமாகிவிடும். நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஊராட்சியின் தீர்மானம் தனிநபர் புகார் அல்ல. மே 1 கிராம சபை நாள். சீசன் உச்சத்தில் இருக்கும் அந்த நாளில், கொடைக்கானல் ஒன்றியத்தின் ஊராட்சிகள் இந்த அளவீடுகளை இணைத்து, கண்ணாடியிழை வளையத்தையும் சீசன் கோபுரங்களையும் டவர்வாரிக் கணக்கையும் கேட்டுத் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்ப வேண்டும்.